டம்ளரக்காவின் காபிச் சக்கை

காபிப் பொடி திருடி மாட்டிக்கொண்டாளாம், விரட்டிவிட்டார்களாம்! இப்படிப் பேசுகிற வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டால் தேவலை. டம்ளரக்காவை யாரும் விரட்டவில்லை. அவளாகத்தான் வேலையை விட்டு வெளியே வந்தாள். அதுவும் முன்வாசல் வழியாக.

இருபத்திரண்டு வருஷம் அந்த அலுவலகத்தின் கோப்பறை அவள் கையில் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் பழைய காகித வாசம், பதினோரு மணிக்குக் காபி வாசம். நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் மணக்கிறது. அப்போதெல்லாம் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர்தான். எது யாருடையது என்று விளிம்புக் கீறலைப் பார்த்தே அக்கா சொல்லிவிடுவாள்.

பிறகு மெஷின் வந்தது. பட்டனை அழுத்தினால் முதலில் காகிதக் கப் விழும், அப்புறம்தான் காபி. அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் எவர்சில்வர் டம்ளரை நீட்டினால் கப் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"டம்ளருக்குச் சட்டை போட்டு விடுதுக்கா!" என்று சிரிப்பாள் டைப்பிஸ்ட்.

"சிரிடி, சிரி. ஒரு வாய் காபிக்குள்ள இந்தக் கப்போட ஆயுசே முடிஞ்சிடுது" என்பாள் அக்கா. விழுகிற கப்பை லபக்கென்று பிடித்து மறுபடி அடுக்கிலேயே சொருகிவிடுவாள்.

மெஷின் துப்பிய சக்கையையும் விடமாட்டாள். பூஞ்சணம் பிடிக்காமல் ஜன்னல் மேடையில் காயவைத்து, வீட்டு மாடித் தொட்டிச் செடிகளுக்கு எடுத்துப் போவாள். அதுதான் வினையாகப் போனது. காய்ந்த சக்கை பார்வைக்குப் புதுப் பொடியேதான்.

ஒரு சாயங்காலம் புது மேலாளர் எல்லார் முன்னாலும் அவள் பையைத் திறக்கச் சொன்னார். "எத்தனை நாளா நடக்குது இந்தத் திருட்டு?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "வெந்நீர் விட்டுக் குடிச்சுப் பாருங்க சார். அப்புறம் பேசலாம்."

அவரும் வீம்புக்குக் குடித்தார். பாத்திரம் கழுவின தண்ணீரைக் குடித்தவர் மாதிரி முகம் அஷ்டகோணலானது. டைப்பிஸ்ட் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, சரி, பொடி இல்ல. ஆனா நாளைலேருந்து சக்கை, டம்ளர் எதுவும் வேணாம். எல்லாரையும் மாதிரி கப்புல குடிங்க."

"திருட்டுன்னு சத்தமாச் சொன்னீங்க. இல்லேங்கறதையும் அதே சத்தத்துல சொல்லுங்க சார்."

அவர் தன் அறைப் பக்கம் திரும்பி நடந்தார்.

மேசையில் சிந்தியிருந்த சக்கையை அக்கா ஒரு துகள் விடாமல் வழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். டம்ளரைக் கழுவித் துடைத்தாள். கோப்பறைச் சாவியை டைப்பிஸ்ட்டின் கையில் வைத்தாள்.

"ஜன்னல் மேடையில கொஞ்சம் காயுது. மறக்காம உன் செடிக்குப் போடுடி."

அப்படியே முன்வாசல் வழியாக, தலை நிமிர்ந்து நடந்தாள்.