கை எடுத்தாச்சா?

அந்த வேலை எனக்குத்தான் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்தடித்துச் சொல்ல அதில் பெருமை ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது கிடைக்காமல் போனவரைப் பற்றி.

தொழிற்சாலைக்குப் பராமரிப்பு இன்ஜினியர் ஒருவர் தேவை. அந்த ஒருவரைப் பிடிக்க ஐந்து கட்டமாக வடிகட்டினார்கள். முதலில் போனில் கேள்வி, அப்புறம் எழுத்துத் தேர்வு, மூன்றாவது மெஷினில் செய்து காட்டுவது, நான்காவது மூன்று அதிகாரிகள் முன்னால், ஐந்தாவது தலைமை அதிகாரியோடு. ராக்கெட் விடுகிறவனிடம்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று எழுத்துத் தேர்வன்று வராந்தாவில் முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். சிரித்தவர் அப்படியே பேச ஆரம்பித்து, உள்ளே கூப்பிடும்வரை நிறுத்தவே இல்லை.

ஐம்பது வயதிருக்கும். ஊருக்கு வெளியே குடிநீர் பம்ப் ஹவுஸில் பதினாறு வருடமாக ஒற்றை ஆள். மூன்று மோட்டார், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு போன், அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். பேச வேறு நாதியில்லாமல் மோட்டார்களோடு பேசுவாராம்.

"ஒண்ணாம் நம்பர் தங்கமான குணம். ரெண்டாம் நம்பர் தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கும். மூணாம் நம்பருக்கு வயசாயிடுச்சு, என்னை மாதிரி."

மனைவி, மக்கள் கிடையாது. கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய் அப்படியே நின்றுவிட்டது. வெளியூரில் ஒரு அக்கா. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார், சாப்பிட்டியா என்று கேட்பார், வைத்துவிடுவார். இதையெல்லாம் நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். தேர்வு பயத்தில் இருந்த எனக்கு, இந்த ஆள் இப்படி அறுக்கிறாரே என்று கடுப்பாகத்தான் இருந்தது. போதாததற்கு என் போனை வாங்கித் தன் நம்பரை வேறு அதில் போட்டுக் கொடுத்தார்.

"போன்ல பேசினப்போ அவங்ககிட்ட நீங்க ஏதாவது கேட்டீங்களா தம்பி?"

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன். நீங்க?"

"மதியம் எத்தனை பேர் சேர்ந்து சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். பதினாலு பேராம்! ஒரே மேசையாம்!"

லாட்டரி விழுந்தவர் மாதிரி சொன்னார். சம்பளத்தில் அவருக்குப் பெரிய லாபம் இல்லை. அந்த மேசையில் பதினைந்தாவது ஆளாக உட்கார வேண்டும், அதற்காகத்தான் இந்த வயதில் பேனாவும் ஸ்கேலுமாகப் பள்ளிப் பையன் போல வந்திருந்தார்.

மூன்றாவது கட்டத்துக்கு ஆறு பேர் மிஞ்சினோம். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் என்று பிரித்தார்கள். எனக்கு ஜோடி இவர். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் போல்ட்டுகளைச் சரிசெய்வது என் வேலை, மோட்டாருக்கு வயர் கொடுத்து ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. சேர்ந்து செய்தாலும் மார்க் தனித்தனி. ஓரமாக நோட்டோடு பாதுகாப்பு அதிகாரி நின்றார்.

மெஷினில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சுவிட்ச் போடுகிறவர் "கை எடுத்தாச்சா?" என்று குரல் கொடுக்க வேண்டும். மெஷினில் இருப்பவர் "எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் போடலாம். கை உள்ளே இருந்தால் "இருங்க" என்று உடனே சொல்லியாக வேண்டும். பதிலே வராவிட்டால் நாள் முழுக்க நின்றாலும் சுவிட்சைத் தொடக் கூடாது.

வேலையில் இறங்கியதும் மனிதரின் பேச்சு நின்றுவிட்டது. வயர் நுனிகளைச் சீவி, முறுக்கி, இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. நானோ குனிந்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, ஒரு முரட்டு போல்ட்டோடு ஸ்பேனரால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"கை எடுத்தாச்சா?"

ஒரு மூச்சு விடும் நேரம் போனது.

"எடுத்தாச்சு."

அந்தக் குரலும் அவருடையதுதான். சுவிட்சைப் போட்டுவிட்டார்.

மோட்டார் ஓடவில்லை. அதிகாரி முன்கூட்டியே மெயினை அணைத்து, சுவிட்ச் போட்டால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும்படி வைத்திருந்தார். விளக்கு எரிந்தது. இவர் ஓடி வந்து என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மதியம் மூன்று அதிகாரிகளும் எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தவர்தான் கேட்டார்.

"பதில் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்களே கேட்டு, நீங்களே சொல்லிக்குவீங்களா?"

"பம்ப் ஹவுஸ்ல பதில் சொல்ல ஆள் இல்ல சார். கேக்காம போடவும் மனசு வராது. அதனால ரெண்டையும் நானே சொல்லிக்குவேன். பதினாறு வருஷப் பழக்கம், வாய் தானா சொல்லிடுச்சு."

ஓரத்தில் இருந்த அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். நடுவில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல சார்," என்றேன்.

பொய். நன்றாகவே கேட்டது. எனக்கு முன்னால் முடித்துவிட்டாரே என்ற எரிச்சலில், கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் அன்றே மூட்டை கட்டியிருப்பேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "தம்பி மேல தப்பில்ல சார். பதில் வரலைன்னா நான்தான் நின்னிருக்கணும்."

"உங்க வேலை சுத்தம். ஆனா நாலு பேர் கை வைக்கிற இடத்துல உங்களை எப்படி விடறது? நீங்களே சொல்லுங்க."

நானாக இருந்தால், மாத்திக்கறேன் சார் என்று காலில் விழுந்திருப்பேன். அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு, "விடக் கூடாது சார்," என்றார்.

ஐந்தாவது கட்டத்துக்கு என் பெயரை மட்டும் படித்தார்கள்.

வேலையில் சேர்ந்தேன். மதியம் அந்த மேசையில் ஒரே அரட்டை, ஒருவர் காலை ஒருவர் வாருவதும், அடுத்தவர் டப்பாவில் கை வைப்பதுமாக அமர்க்களப்படும். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் தாக்குப் பிடித்தேன். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கட்டடத்தின் பின்பக்கம் போய், அவருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும் தம்பி. ஸ்பேனர் சத்தம் ஒரு நொடி நின்னுச்சே."

"அப்போ ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா? நான் நிக்காம போட்டது இல்லேன்னு ஆயிடுமா? உங்க கை போயிருக்கும்."

மன்னிச்சிருங்க அண்ணே, மன்னிச்சிருங்க என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்குப் பின்னால் மோட்டார்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதை விடுங்க தம்பி," என்றார். "நேரம் இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷம் வைக்காம இருங்க. எதையாவது பேசுங்க."