ஒற்றைக் கண் திறக்கும் காவல்காரர்

பிள்ளைகளா, நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார். மொட்டைத் தலை, வெள்ளை மீசை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்குவார். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, கேட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்.

வெடிமருந்து இருக்கும் இடம் என்பதால் செல்போனை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று உங்கள் அம்மாவைப் பிரசவத்துக்குச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மாமா போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். என் போனிலோ சார்ஜ் ஒரே கோடுதான். கண் மூடியிருந்த நேரம் பார்த்து, போனைத் தூக்குச்சட்டிக்குள் ஒளித்துக்கொண்டு நழுவினேன்.

ஒற்றைக் கண் திறந்தது. “ஏலே, சட்டியத் தொற.”

கொடுத்துவிட்டேன். ஆனாலும் டீ நேரத்தில் ஓடிவந்து, போனை அமுக்கி அமுக்கி வெளிச்சம் போட்டுப் பார்த்தேன்.

“நோண்டாதலே. நீ எழுப்பி எழுப்பித்தான் அது சாகுது. தூங்க விடு.”

“தூங்கிட்டா, கூப்பிடுறது அதுக்கு எப்படிண்ணே கேக்கும்?”

“அப்பப்ப முழிச்சு, டவர் கூப்பிடுதான்னு காது குடுத்துட்டு, மறுபடி தூங்கிரும். ஏன், நான் தூங்கையில நீ சட்டியத் தூக்கிட்டுப் போயிட்டியாக்கும்?”

போனை அவரிடமே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் வாசலிலிருந்து அவர் சத்தம் கேட்டது. “ஏலே, பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காகளாம்!”

ஓடினேன். மாமா கூப்பிட்டதும் அவரே போனை எடுத்துப் பேசியிருக்கிறார். அவர் இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போனில் அந்த ஒரு கோடு அப்படியே இருந்தது.

அவரிடம் செல்போனே கிடையாது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கத் திரும்பினால், தூங்கிவிட்டார். காத்து நின்றேன். ஒற்றைக் கண் திறந்தது, என்னைப் பார்த்தது, மூடிக்கொண்டது.