அத்தை சொன்ன இருபத்தாறு ஓம்

அத்தையைப் பெண் பார்க்க வரவிருந்த அன்று காலையில் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனது. குளியலறையில் ஹீட்டர், கூடத்தில் அயர்ன் பாக்ஸ், சமையலறையில் மிக்ஸி, மூன்றும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கின்றன. சட்னி பாதியில் நின்றது. தலையில் ஷாம்பு நுரையோடு சித்தப்பா உள்ளிருந்து கத்தினார்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் இருந்த வீடு. ஒயரிங் ரொம்பப் பழையது. அப்பா புதுக் கம்பி சுற்றி ஃபியூஸைச் செருகிவிட்டு, “மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இருக்கறப்ப இது போச்சுன்னா மானமே போயிரும்” என்று புலம்பினார். மாப்பிள்ளை சரவணம்பட்டியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். அதனால் கவலை இரட்டிப்பு.

நான் ஒன்பதாம் வகுப்பு. மின்சாரப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. வோல்டேஜ் இருநூற்று முப்பது, ஃபியூஸ் தாங்குவது பத்து ஆம்பியர். பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு வாட். ஹீட்டருக்கு மட்டுமே இரண்டாயிரம் வேண்டும். அயர்ன் பாக்ஸுக்கு ஆயிரம், மிக்ஸிக்கு எழுநூற்றைம்பது. ஹீட்டர் ஓடினால் மற்ற இரண்டும் ஓடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்த அத்தை, “கணக்கு சரிதானுங்கண்ணா” என்று அப்பாவிடம் சாட்சி சொன்னாள்.

பிறகு வீட்டில் என் ராஜ்ஜியம்தான். சித்தப்பா சட்டை தேய்க்க என்னிடம் அனுமதி கேட்டார். அம்மாவே, “அம்மணி, மிக்ஸி போட்டுக்கட்டுமா?” என்று குரல் கொடுத்தாள்.

மதியம் அவர்கள் வந்ததும் அப்பா என் பெருமையை அளந்துவிட்டார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “ஹீட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்குது, கண்ணு?” என்றார்.

“எட்டே முக்காலுங்க.”

“அப்ப ரெசிஸ்டன்ஸ்?”

வோல்டேஜை ஆம்பியரால் வகுக்க வேண்டும் என்பது தெரியும். மனக்கணக்காக வகுக்கத்தான் வரவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன்.

“இருபத்தாறு ஓமுங்க” என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

பெரியம்மா உள்ளறைப் பக்கம் முறைத்தார். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார்.

அத்தை வந்து காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியவர்கள் தேங்காய் விலையையும் மழையையும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

“நான் பாக்கறேனுங்க” என்று மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். ஃபியூஸ் இருந்த உள்நடையில் பகலிலும் வெளிச்சம் வராது. டார்ச் எடுத்துக்கொண்டு அத்தை வந்தாள். அப்பா நொடியில் முடித்த வேலை, இன்ஜினியருக்கு வெகுநேரம் பிடித்தது. நடுநடுவே சிரிப்புச் சத்தம் வேறு. உதவிக்குப் போக எழுந்த சித்தப்பாவை அம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நான் குற்றவாளியைத் தேடி ஓடினேன். ஹீட்டர் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அத்தையின் அறையில் அயர்ன் பாக்ஸ் தொட முடியாத சூட்டில் நின்றது. இரண்டையும் அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, “ஆரோ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுபோட்டாங்க!” என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. உள்நடையிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை, தனக்குச் சம்மதம் என்று தன் அப்பாவின் காதில் சொன்னார்.

அவர்கள் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. எல்லோரும் காலையிலேயே குளித்தாயிற்று. சேலையும் தேய்த்தாயிற்று. அப்புறம் யாருக்கு, எதற்காக? கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பிழையே இல்லை. அத்தையும் அம்மாவும் என்னைப் பார்த்து ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.