திருட்டில் நம்பிக்கையில்லாத துப்பறியும் அம்மாள்

குடையம்மாவின் வீட்டு வாசலில் தொங்கிய பலகையில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'முதலில் வீட்டில் நன்றாகத் தேடிவிட்டு வரவும்' என்றும் இருந்தது. இந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் வாசலோடு திரும்பிப் போகிறார்கள் என்பது அவர் கணவரின் குறை. அந்தப் பாதிப் பேருக்கும் பொருள் கிடைத்துவிடுகிறது என்பது குடையம்மாவின் பெருமை.

துப்பறிய வருவதற்கு முன் பதினெட்டு வருடம் ரயில் நிலையத்தில், பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களை வைக்கும் அறையில் வேலை பார்த்தவர் அவர். ரயில் கரியில் ஓடிய காலம். தெருவில் குதிரை வண்டிகள் மோட்டாரைப் பார்த்து மிரண்ட காலம். அந்த அறையில் எப்போதும் நானூறு குடைகளாவது கிடக்கும். பெயர் அப்படித்தான் வந்தது. குடைகளைத் தவிர மூன்று பல்செட்டுகள், ஒரு மரக்கால், கிளியோடு ஒரு கிளிக்கூண்டு. இவற்றைத் தேடி வந்த அத்தனை பேரும், மரக்காலைத் தொலைத்தவர் உட்பட, யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டுக் குடையம்மாவுக்கு ஒரு கொள்கை உருவாகிவிட்டது. உலகத்தில் திருடர்கள் கொஞ்சம், மறதிக்காரர்கள் ஏராளம். ஆனால் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லக் கூசுகிற வாய், 'திருடிவிட்டார்கள்' என்று சொல்லக் கூசுவதில்லை.

கணவர் நேர் எதிர். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. முப்பது வருட உத்தியோகத்தில் அவர் சந்தேகப்படாத ஆளும் கிடையாது, பிடித்த ஆளும் கிடையாது. இப்போது தன் விசிலைக் காணோம் என்று பால்காரர்மேல் ஒரு கண் வைத்திருந்தார். விசில் பழைய உடுப்பின் உள்பையில் இருப்பது குடையம்மாவுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்துவிட்டால் மனிதருக்குப் பொழுது போகாதே என்று விட்டுவைத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை, நீதிபதி வீட்டுப் பணிப்பெண் பலகையின் இரண்டு வரிகளையும் படித்துவிட்டு, அப்படியும் உள்ளே வந்தாள்.

அவள் சொன்னது இது. மூன்று வாரத்துக்கு முன் எஜமானியம்மாள் போட்டோ எடுத்துக்கொள்ளக் கிளம்பினார். அவருடைய வெண்ணெய் நிறச் சால்வையில் ஒற்றை வைர ஊசியை இவள்தான் குத்திவிட்டாள். திரும்பி வந்ததும் நகைகளைக் கழற்றிப் பெட்டியில் பூட்டுவது எஜமானியின் வேலை. பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. போன வாரம் எங்கோ கிளம்பும்போது பெட்டியைத் திறந்தால் ஊசி இல்லை. மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து படம் வந்தது. படத்திலும் ஊசி இல்லை. ஆகவே அன்றைக்கே இவள் ஊசியைக் குத்தவில்லை, கையில் அமுக்கிக்கொண்டாள் என்று சமையல்காரர், வண்டிக்காரர், தோட்டக்காரர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார் எஜமானி. சனிக்கிழமை வேலையை விட்டுப் போகவேண்டும். நன்னடத்தைக் கடிதம் கிடையாது. அது இல்லாமல் அந்த ஊரில் எந்த வீட்டுப் பின்வாசலும் அவளுக்குத் திறக்காது.

"குத்தினேம்மா. முதல்ல என் விரல்ல குத்திக்கிட்டு அப்புறம்தான் சால்வையிலயே குத்தினேன். ஆனா படத்துல இல்லையே. படம் பொய் சொல்லுமா?"

"படம் சொல்லாது. படத்துல நிக்கிறவங்க சொல்லுவாங்க" என்றார் குடையம்மா.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஏட்டையாவின் குரல் வந்தது. "அவ முழியைப் பார்த்தியா? சரியில்லை."

"அழுதா எல்லாருக்கும் முழி அப்படித்தான் இருக்கும். நம்ம கல்யாணப் போட்டோவுல உங்க முழியைப் போய்ப் பாருங்க."

ஏட்டையா பக்கத்தைத் திருப்பினார்.

'நல்லாப் பார்த்துக்கோ' என்று எஜமானி அவள் கையில் திணித்திருந்த பிரதியை அவள் கொண்டுவந்திருந்தாள். குடையம்மா அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். நீதிபதியின் மனைவி ஒரு தூணில் கைவைத்து, குஞ்சம் தொங்கும் கறுப்பு வெல்வெட் சால்வையில் நின்றார். ஓரத்திலிருந்து மூன்றாவது குஞ்சத்தைக் காணவில்லை.

வெண்ணெய் நிறம் என்றாயே என்று கேட்டதற்கு, படத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் விழும் என்று நினைத்ததாகச் சொன்னாள் அந்தப் பெண். வெல்வெட் சால்வையே தங்கள் வீட்டில் கிடையாது என்பது அதன் பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

இருவரும் ஸ்டுடியோவுக்கு நடந்தார்கள். வாசல் கண்ணாடிக்குள் ஊரின் பிரமுகப் பெண்கள் சட்டத்துக்குள் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், தபால் அதிகாரியின் மூன்று மகள்கள். அத்தனை பேர் தோளிலும் அதே கறுப்பு வெல்வெட், அதே மூன்றாவது குஞ்சம் இல்லாமல். வாடிக்கையாளர்களின் சொந்தச் சால்வை எடுப்பாக விழாது என்று ஸ்டுடியோக்காரர் எல்லாருக்கும் அதைத்தான் போர்த்துகிறார் என்று தெரிந்தது. நீதிபதியின் மனைவி மட்டும் அது கப்பலில் வந்த தன் சொந்தச் சால்வை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

குடையம்மா தனக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். உள்ளே இருந்த எதுவும் நிஜமில்லை. தூண் அட்டை. மாடிப்படி திரையில் வரைந்தது. பூ மெழுகு. மேஜைமேல் இருந்த டெலிபோனுக்கு ஒயரே கிடையாது. ஸ்டுடியோக்காரர் சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். கழுத்துக்குக் கீழே ஒரு கல் பளிச்சென்று மின்னியது.

பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அது என்ன கல் என்று குடையம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"அதுவா? எங்க அக்கா ஆளை விட்டு ஏதோ கண்ணாடிக் கல்லு வாங்கிக் குத்தவச்சிருக்காங்க. லேடீஸுக்கு ரொம்பப் பிடிக்குது."

மூன்று வாரமாக அதைப் போர்த்திக்கொண்ட எவருக்கும் சந்தேகம் வரவில்லை. தூண் பொய்யாக இருக்கும் இடத்தில் வைரம் மட்டும் எதற்கு நிஜமாக இருக்கவேண்டும்?

"பின்ன ஏன் படத்துல ஒண்ணுலயும் விழலை?"

ஸ்டுடியோக்காரர் மாடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்காவே அழிச்சிடறாங்க."

"வாங்கினவங்களே அழிப்பாங்களா?"

"எங்க அக்காவை உங்களுக்குத் தெரியாது. கேக்கிற தைரியம் எனக்கு இல்லை."

அக்கா மாடி ஜன்னலடியில் சாய்மேஜை முன் உட்கார்ந்து, கண்ணாடி நெகட்டிவ் ஒன்றில் யாருடைய முகச்சுருக்கத்தையோ கூரான சிறு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் பதினொரு வருடமாகக் கீழே இறங்காதவர். ஊரில் ஒவ்வொருவர் முகத்திலும் எத்தனை மரு என்று அவருக்குத் தெரியும். தெருவில் பார்த்தால் ஒருவரையும் அடையாளம் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் நெகட்டிவ். அதில் வெள்ளை கறுப்பாகத் தெரியும், கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

குடையம்மா கல்லைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு எதுவும் புரியவில்லை. சால்வையைப் பற்றிக் கேட்டதும் பொரிந்து தள்ளினார்.

"அந்தச் சால்வையில மூணு வாரமா ஒரு ஓட்டைங்க. பூச்சி அரிச்சிருக்கு. அது வழியா உள்ள இருக்கிற வெள்ளைத் துணி தெரியுது, நெகட்டிவ்ல கறுப்புப் பொட்டு மாதிரி விழுது. ஒவ்வொண்ணா சுரண்டி எடுத்து என் கண்ணே போச்சு. தச்சு வைக்கணும்னு தம்பிக்குத் தோணுதா பாருங்க."

வைரத்தை ஓட்டை என்று நம்பி ஒருவர் மூன்று வாரம் சுரண்டியிருக்கிறார். அதைக் கண்ணாடி என்று நம்பி இன்னொருவர் மூன்று வாரம் போர்த்தியிருக்கிறார். அக்காவும் தம்பியும் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தால் ஒரு பெண்ணின் பிழைப்பு தப்பியிருக்கும். குடையம்மா நீதிபதி மனைவியின் நெகட்டிவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கழுத்தடியில் பட்டாணி அளவுக்குச் சுரண்டிய தடம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் எடுத்த டீச்சரின் நெகட்டிவில் அந்தத் தடம் இல்லை. ஓட்டை விழுந்ததே நீதிபதியின் மனைவி வந்த அன்றைக்குத்தான்.

அன்று மாலையே ஊசியோடும் இரண்டு கண்ணாடி நெகட்டிவ்களோடும் நீதிபதி வீட்டுக்குப் போனார்கள். எஜமானி ஊசியைக் கண்டதும், இவள்தான் பயந்துபோய் ஸ்டுடியோவில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றார். குடையம்மா கண்ணாடிகளை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, ஊசியைத் தன் சால்வையிலிருந்து எடுத்து ஸ்டுடியோ சால்வையில் குத்திக்கொண்டது அவரேதான் என்று விளக்கினார். எஜமானிக்கு அது நினைவில்லாமல் போனதில் வியப்பில்லை. தன் கையால் எதையும் செய்து பழக்கமில்லாதவர். அபூர்வமாக ஒன்றைச் செய்தாலும் மனதில் பதிவதில்லை.

எஜமானி ஊசியைப் பார்க்கவில்லை, வாசல் கதவைத்தான் பார்த்தார். பிறகு, "ரொட்டிக்கடைக்காரி போட்ட சால்வைன்னு வெளியில தெரிய வேண்டாம்" என்றார்.

"சால்வையைப் பத்தி நான் ஏங்க பேசப்போறேன்? நீங்க சமையல்கட்டுக்கு வந்து, அன்னிக்கு நிக்கவச்ச அதே ஆளுங்க முன்னாடி, ஊசியைக் குத்தினது இவ, மறந்தது நான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குச் சால்வையே மறந்துபோயிடும்."

"தவறிடுச்சுன்னு சொல்லலாமே?"

அதுவரை கதவோரம் நின்றிருந்த பணிப்பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "மறந்தேன்னே சொல்லுங்கம்மா."

எஜமானி சொன்னார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில். பாத்திரச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சமையல்காரர் மிகுந்த மரியாதையோடு வருத்தப்பட்டதால், இன்னொரு முறையும் சொல்லவேண்டி வந்தது.

வீட்டில் ஏட்டையா முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரி, திருடினது யாரு?" என்றார்.

அடுத்த வாரம் நீதிபதியின் மனைவி ஊசியோடு இன்னொரு படம் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை ஸ்டுடியோக்காரர் துணிந்து மாடியேறி, இந்தம்மா படத்தில் எதையும் தொடாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்காவோ சொன்ன பேச்சைக் கேட்கிறவர். எதையும் தொடவில்லை. ஊசி பிரமாதமாக விழுந்திருந்தது. அதற்கு மேலே மோவாயில் ஒரு மருவும், கழுத்தில் மூன்று மடிப்பும் அதே அளவு பிரமாதமாக விழுந்திருந்தன. படத்தைக் கூடத்தில் மாட்டவில்லை. மாடிப்படிக்குப் பின்னால், விருந்தாளிகள் போகாத இடத்தில் மாட்டினார்கள்.

அதைத் துடைப்பது பணிப்பெண்ணின் வேலை. மற்ற படங்களை வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிறவள், இதை மட்டும் தினம் இரண்டு தடவை துடைக்கிறாள் என்று சமையல்காரர் சொல்கிறார்.