பத்து நிமிடத்து மதிப்பெண்

என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடப்பக்கம் டெஸ்க்டாப் பிராசசர்கள், வலப்பக்கம் சர்வர் பிராசசர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பெஞ்ச்மார்க் மதிப்பெண். இன்ஜினியரிங் முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் என்னோடு படித்தவர்கள் வங்கித் தேர்வுக்குக் குறிப்பெடுத்தார்கள். நான் இதை எழுதினேன். பெஞ்ச்மார்க் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எல்லா பிராசசருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, எது சீக்கிரம் எழுதி முடிக்கிறது என்று பார்ப்பதுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மதிப்பெண் வந்து விழும்போது எனக்கு ஒரு சந்தோஷம். பரீட்சை எழுதியது நானே என்பது போல.

மணவாளக்குறிச்சியில் மெயின் ரோட்டு மாடியில் ஒரு வீடியோ ஸ்டுடியோ. அதை நடத்தியவரை ஊரே ஸ்டுடியோ அண்ணன் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். வேலை கிடைக்கும்வரை அங்கே உட்காரலாம் என்று போனவள், இரண்டு வருடம் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை, சாமியார் வந்து வீடு மந்திரிப்பது எல்லாம் எடுப்போம். 4ஜி வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. சாவு. எங்கள் கரையில் வீட்டுக்கு ஓர் ஆளாவது கல்ஃபில் இருக்கும், எல்லோருக்கும் லீவு கிடைக்காது. அதனால் அடக்கத்தை நேரலையாக அனுப்புவோம். அங்கே இருப்பவர்கள் போனில் பார்த்து அழுவார்கள்.

நேரலைக்குக் கம்ப்யூட்டர் தேவை. கேமராவின் படத்தைச் சுருக்கி நொடிக்கு நொடி வெளியே அனுப்புவது பிராசசரின் வேலை. ஸ்டுடியோவில் இரண்டு இருந்தன. ஒன்று, அண்ணன் திருவனந்தபுரத்தில் யாரோ கம்பெனிக்காரன் கழித்துப் போட்டதை வாங்கி வந்த சர்வர். அதில் இரண்டு பிராசசர், வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் கோர்கள் நிறைய, ஒவ்வொன்றும் மெதுவானது. ஆன் செய்தால் விசிறிகள் போடும் சத்தத்தில் பக்கத்துத் தையல் கடைக்காரர் ஜன்னலைச் சாத்துவார். மற்றது நான் தேர்ந்தெடுத்து, நானே பூட்டிய டெஸ்க்டாப். நாலே கோர், ஆனால் பாய்ச்சல். அது போதாதென்று பயாஸ் செட்டிங்கில் போய், கம்பெனி வைத்த அளவுக்கு மேல் வேகத்தை ஏற்றி வைத்திருந்தேன்.

ஏசி அறையில் இரண்டையும் சோதித்து நோட்டை அண்ணனிடம் காட்டினேன். ஒற்றைக் கோரின் மதிப்பெண்ணில் என்னுடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாக் கோரும் சேர்ந்து எழுதும் தேர்வில் சர்வர் கொஞ்சம் முந்தியது. அந்தப் பக்கத்தை நான் அவ்வளவாகத் திருப்பிக் காட்டவில்லை.

அவர் நோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அப்பா வழியில் வள்ளக்காரர், கடலில் மீன்பிடி வள்ளம் ஓட்டிய குடும்பம். "எஞ்சின் எத்தன ஹெச்பின்னு கம்பெனிக்காரன் மேல எழுதித்தான் ஒட்டிருக்கான். ஆள ஏத்தி, வலய ஏத்தி, நாலு மணிக்கூர் கடல்ல ஓட்டிப் பாத்தியா ஏட்டி?"

"அண்ணா, இது எஞ்சின் இல்ல, பிராசசர்."

"ரெண்டும் சூடாவும்லா."

"ஒங்க சர்வரச் சாவு வீட்டுல வச்சா, மாவு மில்லு வந்துட்டுன்னு அரிசி கொண்டு வருவாவ."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு நேரலைக்கு என்னுடையதுதான் போனது. நாலைந்து அடக்கங்கள் நன்றாகவே முடிந்தன. எல்லாம் மழை மாதங்களில் நடந்தவை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் ஒரு நாள் கடற்கரைத் தெருவிலிருந்து ஆள் வந்தது. மீன் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்த அம்மா ஒருவர் இறந்திருந்தார். மகன் கல்ஃபில் முதலாளி ஒருவரின் படகில் வேலை, பாஸ்போர்ட் முதலாளி கையில். மகளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவளை நான் அக்கா என்பேன். காலையில் அந்த மகன் என் போனுக்கே கூப்பிட்டார்.

"மக்களே, நீதான் அனுப்புதியா?"

"ஆமா அண்ணா."

"எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. எடுக்கதுக்கு முன்ன முகத்துல வெள்ள லேஞ்சித் துணி போட்டு மூடணும். மூத்த மகன்தான் மூடணும். அப்பனுக்கு நான் மூடினேன். அம்மைக்குத் தங்கச்சி மூடட்டும், ஆனா நான் பாத்துக்கிட்டிருக்கணும். நான் பாக்கேன்னு தெரிஞ்ச பொறவுதான் அவ மூடுவா. மத்தது எது போனாலும் சாரமில்ல, அது மட்டும் காட்டிரு."

"காட்டிருவேன் அண்ணா. நல்ல மெஷினு, ஒண்ணும் ஆகாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிறகு பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவேயில்லை.

வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல். நண்பகலுக்கு முன்பே காற்று நின்றுவிட்டது. சவப்பெட்டிக்கு எதிரே மேசை போட்டு, அதன் அடியில் டெஸ்க்டாப்பை வைத்தேன். வீட்டுப் பெண்கள் வந்து, வயரெல்லாம் தெரிகிறதே, சாமியார் வருவாரே என்று வெள்ளைத் துணியொன்றை மேசைமேல் விரித்துத் தரைவரை இழுத்துவிட்டார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கேமராவின் கார்டில் தனியாகப் பதியவேண்டாம், கம்ப்யூட்டரே பதிந்துகொள்ளும் என்று கேமராக்காரரிடம் சொன்னதும் நான்தான்.

முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையுமில்லை. ஜெபமாலை நடந்தது. போனில் கல்ஃப் அண்ணனிடமிருந்து செய்தி: "தெளிவா தெரியுது." இரண்டாவது மணி நேரத்தில் திரையின் ஓரத்தில் வெப்ப எண் ஏறத் தொடங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், குறைத்தது. படம் அங்கங்கே நழுவியது. விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கை சிவப்பில் கூடியது. எழுந்து துணியைத் தூக்கியிருக்கலாம், வேகத்தை இறக்கியிருக்கலாம். இறக்குவதற்குக் கம்ப்யூட்டரை நிறுத்தவேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட, என் நோட்டில் எழுதிய மதிப்பெண் இதையும் தாங்கும் என்று நினைத்தேன்.

சாமியார் மந்திரித்து முடித்தார். பந்தல் அமைதியானது. அக்கா கையில் வெள்ளை லேஞ்சியோடு பெட்டியருகே வந்து, நேராக என்னைத்தான் பார்த்தாள்.

"மக்கா, அண்ணன் பாக்கியானா? படம் ஓடுதா?"

என் திரையில் கேமராவின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியே போகிறதா என்று பார்க்கவேண்டிய இடம் வேறு, அங்கே சிவப்பு. நான் தலையாட்டினேன். ஓடுது என்று.

தலையாட்டிவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து துணியைத் தூக்கினேன். முகத்தில் அனல் அடித்தது. கை வைப்பதற்குள் விசிறி நின்று, விளக்கு அணைந்து, கம்ப்யூட்டர் தானாகவே அடங்கிவிட்டது. மேலே அழுகைச் சத்தம் ஒன்றாக எழுந்தது. நான் நிமிர்ந்தபோது முகம் மூடப்பட்டிருந்தது.

அக்காவிடம் ஓடப் பார்த்தேன். கூட வந்திருந்த ஸ்டுடியோ அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "இப்ப சொல்லாண்டாம். எடுக்கட்டும்." பெட்டி கோயிலுக்குப் புறப்பட்டது. பாட்டுச் சத்தம் தெருத் திரும்பும்வரை கேட்டது.

என் போன் அடித்தது. வேறு எண்.

"மக்களே, கூட இருக்கவனுக்க போன்ல கூப்பிடுதேன். படம் நின்னு போச்சு. மூடியாச்சா?"

"மூடியாச்சு அண்ணா."

"எப்பிடி மூடினா? பைய மூடினாளா? அம்மைக்க நெத்தியில சிலுவ போட்டாளா?"

பத்தடி தூரத்தில் நடந்தது. கல்ஃபில் இருந்தவருக்குத் தெரியாததில் நியாயம் இருந்தது. எனக்கும் தெரியவில்லை.

"நான் பாக்கல அண்ணா. கீழ குனிஞ்சு மெஷினப் பாத்துட்டு இருந்துட்டேன்."

"செரி. தங்கச்சி வரட்டும்," என்றார்.

அடக்கம் முடிந்து அக்கா திரும்ப ஐந்து மணியாகியது. அதற்குள் கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்த்திருந்தேன். பதிந்த கோப்பு பாதியில் முறிந்து கிடந்தது, திறக்கவில்லை. பந்தலில் இருந்த நாற்காலிகளில் ஒன்றில் அக்காவை உட்கார வைத்து, நான் நின்றுகொண்டே சொன்னேன். படம் போகவில்லை. போகவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் தலையாட்டினேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவன் பாக்கியான்னு நெனச்சுத்தான் நான் மூடினேன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு என் போனைக் கேட்டாள். அவர் கடைசியாகப் பேசிய எண்ணுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் சொல்லுதேன், கேளு," என்று தொடங்கினாள். அம்மாவின் சேலை மடிப்பைச் சரிசெய்தது, நெற்றியில் சிலுவை போட்டது, கன்னத்தில் முத்தி கொடுத்தது, லேஞ்சியை நாடியிலிருந்து மேலே நெற்றிவரை இழுத்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னாள். நடந்ததைவிட அதிக நேரம் எடுத்திருக்கும். அந்தப் பக்கம் 'ம்' என்ற சத்தம் மட்டும்.

முடிந்ததும் அவர் சொன்னார்: "ஏட்டி, எனக்கு இன்னும் மூடல."

"என்னண்ணா சொல்லுக?"

"எனக்க போன்ல படம் நின்ன எடத்துல அம்ம முகம் அப்பிடியே நிக்கு. போன அணைக்கக் கை வரல. சார்ஜ்ல போட்டு முன்னால வச்சிருக்கேன். அம்ம என்னப் பாக்க மாதிரிதான் இருக்கு."

எனக்கு உடனே வாயில் வந்தது என்ன என்றால், பக்கத்துப் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் படத்தைச் சேமித்துவிடலாம் என்பது. பேஜைப் புதுப்பித்தால் அது போய்விடும். அதை அவருக்குச் சொல்லவும் செய்தேன். வேகமாக, இரண்டு முறை.

"வேண்டாம் மக்களே," என்றார். "மூடணும்லா. மூத்தவன் நான்லா. எனக்கக் கிட்ட லேஞ்சி இருக்கு. தங்கச்சி, நீ ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஸ்டுடியோ அண்ணன் எழுந்து நின்றார். நானும் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். ஜெபம் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் அக்காவின் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் பார்க்க ஒன்றுமில்லாதிருந்தும்.

பிறகு அவர் குரல் வந்தது.

"மூடியாச்சு."