அவர் சொன்னது ‘வேகல’

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நடந்தது இது. நடந்தது என்று சொல்வதைவிட, நான் நடத்தி வைத்தேன் என்று சொல்வதுதான் சரி.

எனக்குச் சொந்த ஊர் பாளையம்பட்டி. ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடும்போது, சுவரை ஒட்டியிருக்கும் தண்ணீர் நகராது என்று வைத்துக்கொண்டுதான் நாம் கணக்குப் போடுவோம். ஆனால் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய துளைக்குள் அந்தக் கணக்கு செல்லாது. சில வகைத் துளைகளில் தண்ணீர் சுவரில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், நாம் நினைப்பதைவிட வேகமாகப் போகும். எவ்வளவு வேகம் என்பதைச் சமன்பாடாக எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. நான்கு வருடமாக உண்ணும்போதும் உறங்கும்போதும் வேகம், வேகம் என்று அதே நினைப்புதான்.

எங்கள் கல்லூரியில் வேறொரு துறையினர் அப்படிப்பட்ட நுண்துளைச் சவ்வு வைத்து ஒரு சிறிய வடிகட்டி செய்தார்கள். அதை அந்தப் பள்ளியில் பொருத்தினோம். அங்கே போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். எங்கள் பக்கத்தில் இது எல்லா ஊர்க் கதையும்தான். வாய் கொப்பளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், ஆனால் சமையலுக்கு ஆகாது. அதனால் அங்கே சமையல் பார்த்த அம்மா தினமும் ஊருணியிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் சுமந்து வந்து பருப்பு போடுவார். வடிகட்டி வந்த பிறகு அது தேவையில்லை என்று ஆகிவிட்டது. கல்லூரி பெயர் போட்ட பலகை மாட்டி, படமெல்லாம் எடுத்தோம். இனிமேல் சமையலுக்கு இந்தத் தண்ணீர் மட்டும்தான் என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்குப் பின் தெருவில் வீடு. ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் எழுதி வைக்க முடியுமா என்று கேட்டு, ஒரு நோட்டுக் கொடுத்தேன். “எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் டீச்சர், எழுதிருவேன்” என்றார். கோடு போட்டு, தேதி போட்டு, என் மாணவர்கள்கூட அவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள். என் ஆராய்ச்சிக்குத் தேவையான அளவுகளை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு நான் ஒரு நன்றிகூட எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரே குறை, தண்ணீர் என் சமன்பாடு சொன்ன வேகத்தில் வரவில்லை. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் அந்த அம்மா போன் செய்தார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம் வேறு.

“இந்தத் தண்ணிக்கு வேகல டீச்சர். ரெண்டு நாளாப் பாக்குறேன்” என்றார்.

என் காதில் விழுந்தது ‘தண்ணி வேகமில்ல டீச்சர்’ என்று. நானே அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். வடிகட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும், அதை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அழுத்தம் கூடும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

“அதத் திருகுனா வேகுமா டீச்சர்?”

வேகமா வருமா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நல்லா வரும், தைரியமாகத் திருப்புங்கள் என்றேன். படித்தவள் சொல்கிறாள் என்று அவரும் திருப்பிவிட்டார்.

மறுநாளே குடம் பாதி நேரத்தில் நிறைந்தது. குடம் நிறைந்த நேரத்தை மட்டும் போனில் கேட்டு வாங்கி என் வரைபடத்தில் வைத்தேன். கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காராச்சேவும் காப்பியும் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு கட்டுரை எழுதுகிற மும்முரத்தில் ஒன்றரை மாதம் அந்த ஊர்ப் பக்கம் போகவே இல்லை.

போனபோது அடுப்படியில் வேறு ஒரு பெண் நின்றார். பழைய அம்மா எங்கே என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

“அத ஏன் கேக்குறீக மேடம். பருப்பு கல்லு கல்லாக் கெடக்கு, பிள்ளைகளுக்கு வயித்து வலி. ஆனா சிலிண்டரு மட்டும் பாதி மாசத்துல தீந்துருது. அடுப்ப சீக்கிரமா அமத்திட்டு கேஸ வீட்டுக்குக் கடத்திருச்சு அந்தம்மா” என்றார். பெற்றோர் புகார் கொடுத்து, அதிகாரி வந்து பார்த்து, நரிக்குடி தாண்டி ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்களாம். போகும்போது உங்களுக்கு என்று வைத்துவிட்டுப் போனார் என்று சொல்லி, நான் கொடுத்திருந்த அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

நான் சமையல் கூடத்துக்குப் போனேன். புதிதாக வந்த பெண் என்னைப் பார்த்ததும் ஒரு குடத்தை மறைத்தார். “சார்ட்ட சொல்லிறாதீக டீச்சர். இந்தத் தண்ணிக்கு வேகல. ஊருணித் தண்ணிதான் ஊத்துறேன்.”

அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் சரியாக விழுந்தது.

வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். சவ்வின் ஓரத்தில் ஒட்டியிருந்த பசை முழுக்க விட்டிருந்தது. முதலில் லேசாக விட்டிருக்க வேண்டும், நான் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னதும் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் நுண்துளை வழியே வரவே இல்லை. உப்பும் சுண்ணாம்புமாக அப்படியே ஓரத்துச் சந்தில் ஒழுகி வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு எப்படி வேகும்? நான் காராச்சேவு வாங்கிக் கொடுத்தது ஒரு ஒழுகலுக்கு.

பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். இடது பக்கம் நான் கேட்ட எண்கள். வலது பக்கம் நான் கேட்காதது. ‘பருப்பு வேகல.’ ‘ரெண்டு மணி நேரம் எரிச்சும் வேகல.’ ‘டீச்சர் சொன்னபடி திருகியாச்சு, அப்பயும் வேகல.’ ‘கேஸ் தீந்துருச்சு.’ தேதி தேதியாக இருந்தது. அந்த அம்மா திருடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதை நான் அன்றைக்கே அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும்.

காட்டவில்லை. காட்டினால் வடிகட்டி தோற்றது வெளியே வரும், என் அளவுகள் பொய் என்று ஆகும். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய நெறியாளரிடம் சொன்னேன். “வாய்மொழித் தேர்வு முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அப்படி ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான் நான் போயிருந்தேன். அந்த எண்களை எடுத்துவிட்டு, ‘கருவிக் கோளாறு காரணமாகச் சில அளவுகள் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியோடு என் தவறு முடிந்துவிட்டது. பட்டம் வந்தது. நோட்டு எட்டு மாதம் பீரோவில் கிடந்தது.

அதற்குப் பிறகு கொண்டுபோனேன். அதிகாரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது முடிந்துபோன விஷயம், இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு பஸ் மாறி, நரிக்குடி தாண்டி இருந்த அந்தப் பள்ளிக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். தினமும் அவர் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது எனக்கு.

“வேகலன்னுதான் டீச்சர் சொன்னேன். ஒங்க வீட்லயும் பருப்புக்குத் தனிக் கொடந்தான வச்சிருப்பாக?” என்றார்.

ஆமாம். எங்கள் அம்மா இன்றைக்கும் பருப்புக்குத் தனிக் குடம்தான் வைக்கிறார். வேகம் என்ற சொல்லுக்குச் சமன்பாடு தெரிவதற்கு முன்பே வேகல என்ற சொல் எனக்குத் தெரியும். எங்கள் அடுப்படியிலிருந்து காதில் விழாத நாள் இல்லை.

“மாத்துனதுகூடப் போகுது. ஊருல எனக்கு சிலிண்டர்க்காரின்னு பேரு வச்சுட்டாக. அந்தப் பேர மட்டும் எடுத்து விட்ருங்க டீச்சர்” என்றார்.

அடுத்த மாதம் அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. போனேன். தவறு என்னுடையது, அந்த அம்மா ஒரு குற்றமும் செய்யவில்லை என்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்ததற்குச் சால்வை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். நான் படியிறங்கும்போது, தாமதமாக வந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேசினாக என்று கேட்டார். “அதான் நம்ம சிலிண்டர்க்காரி இருக்கால்ல, அவ சங்கதி” என்று பதில் வந்தது.

அந்தச் சால்வையை நான் பிரிக்கவே இல்லை. இன்றைக்கும் வகுப்பில் கரும்பலகையில் ‘வேகம்’ என்று எழுதும்போது, முதல் இரண்டு எழுத்து முடிந்ததும் என் கை தானாக நின்றுவிடுகிறது. அந்த இரண்டு எழுத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டதால்தான் ஒரு பெண்ணின் பெயர் போனது, என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வந்தது.