வெறும் தடுமன்தான்

யூனிஸ் மார்த்தாண்டத்துக்காரி. நாகர்கோவிலில் நர்ஸிங் படித்து, கல்யாணமாகி, கணவன் ஜெபதாஸின் விசாவில் அமெரிக்கா வந்து, இங்கேயும் பரீட்சை எழுதித் தேறி, ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வீடு ஃப்ரீமான்ட்டில், மவுரி அவென்யூவுக்குப் பின்பக்கம் ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி. ஜெபதாஸுக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகள் ஆன்லின் படிப்புக்காக சான் டியாகோ போன பிறகு, இரண்டு படுக்கையறை அவர்களுக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மிஸஸ் ஹுவாங்குக்கு எழுபத்தாறு வயது. தெற்குச் சீனாவில் ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் சீன வைத்தியம் பார்த்தவர். கணவர் இறந்ததும் மகள் ஜாய்ஸ் அழைத்துக்கொண்டு வந்தாள். பிறகு ஜாய்ஸுக்கு பாஸ்டனில் வேலை கிடைத்தது. அந்தக் குளிருக்கு வர மாட்டேன் என்று அம்மா இங்கேயே தங்கிவிட்டார்.

இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு தும்மலால்தான். 2016 ஜனவரியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து மாடிப்படி ஏறிய யூனிஸ் நாலு தடவை தொடர்ந்து தும்மினாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மிஸஸ் ஹுவாங், வெளியே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரலை மேலாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நம் ஊர் வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரியே இருந்தது யூனிஸுக்கு.

"எப்போ ஆரம்பம்?"

"இன்னைக்குத்தான் ஆன்ட்டி. மத்தியானத்துலேர்ந்து."

"குட். முதல் நாள். உள்ள வா."

இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு நூற்றைம்பது ஆங்கில வார்த்தை. அதை வைத்துக்கொண்டே மிஸஸ் ஹுவாங் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். குளிர் அதிகமா, சூடு அதிகமா? வேர்க்கிறதா? பிடரி பிடித்துக்கொண்டிருக்கிறதா? தொண்டை எரிகிறதா? நாக்கை நீட்டச் சொன்னார். குளிர்தான், வேர்வை இல்லை, தொண்டையில் எரிச்சல் இல்லை என்று தெரிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை வேரோடு நசுக்கி, இஞ்சி சீவிப் போட்டு, புளிக்கவைத்த கறுப்பு சோயாப் பயறு ஒரு பிடி சேர்த்து, மூடி போட்டுப் பத்தே நிமிஷம் கொதிக்கவிட்டார். ரொம்ப நேரம் கொதித்தால் வாசனை போய்விடும், வாசனை போனால் மருந்தும் போச்சு என்று கையைக் காற்றில் பறக்கவிட்டுக் காட்டினார். குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். நெற்றியும் கழுத்தும் லேசாக ஈரமானால் போதும், சொட்டச் சொட்ட வேர்க்கக் கூடாது. சாப்பாடு கஞ்சி மட்டும். குளிர்ந்த காற்று பிடரி வழியாகத்தான் உடம்புக்குள் நுழைகிறது, முதல் நாள் தோலோடு நிற்கிறபோதே விரட்டிவிட வேண்டும், இரண்டாம் நாள் உள்ளே போய்விடும். இதுதான் அவர் கணக்கு. தொண்டை எரிந்து சூடாக வரும் சளிக்கு இஞ்சியைத் தொடவே மாட்டார். அதற்கு வேறு மாத்திரை.

மறுநாள் காலையில் யூனிஸ் சாதாரணமாக எழுந்து வேலைக்குப் போனாள். மருந்தா, ஓய்வா, எது கேட்டது என்று நர்ஸான அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அடுத்தவர் நாடியைப் பிடித்துப் பிடித்தே இருபது வருஷத்தை ஓட்டியவள் அவள். அவள் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

அதிலிருந்து நாலு வருஷம் இதுவே வழக்கம். சுவர் மெலிது. யூனிஸ் இங்கே தும்மினால் அங்கிருந்து டொக் டொக் என்று தட்டுவார்.

"ஒனக்க டாக்டரம்மா கூப்பிடுதாங்க, போ" என்பான் ஜெபதாஸ்.

உடம்பு வலியோடு போனால் மருந்து மட்டும் போதாது. தேங்காய் எண்ணெய் தடவி, பீங்கான் கரண்டியின் விளிம்பால் பிடரியிலிருந்து தோள் வரை இழுத்து இழுத்து வழிப்பார். சிவப்புச் சிவப்பாகக் கோடு விழும். முதல் தடவை அதைப் பார்த்து ஜெபதாஸ் பதறிப்போனான்.

"நம்ம ஊர்ல தடுமன் பிடிச்சா சுக்குத்தண்ணி போதும். இப்பிடி சொறண்டி வச்சிருக்காங்களே, போலீஸ் பாத்தா என்னையில்லா பிடிச்சிட்டுப் போவான்?"

யூனிஸும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை சீனக் கடைக்குக் காரில் கூட்டிப்போவாள். பிரஷர் பார்ப்பாள். வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்லி, ஜாய்ஸுக்கு ஃபோன் போட்டுக் கொடுப்பாள். யூனிஸின் அம்மா மார்த்தாண்டத்தில் இறந்தபோது லீவு கிடைக்காமல் அவளால் போக முடியவில்லை. அந்த வாரம் முழுக்க மிஸஸ் ஹுவாங் தினமும் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

2020 பிறந்தது. சீனாவிலிருந்து கொரோனா செய்தி வரவர மிஸஸ் ஹுவாங் ஜனவரியிலேயே மாஸ்க் போட்டுக்கொண்டார். வெளியே போவதையும் குறைத்துவிட்டார். யூனிஸின் இல்லத்தில் அப்போது யாரும் மாஸ்க் போடவில்லை. மார்ச் முதல் வாரம் பதினாலாம் நம்பர் அறையில் இரண்டு முதியவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஃப்ளூ டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. மற்ற டெஸ்டுக்கு அப்போது வழியே இல்லை. "சீஸன் அப்படி. ஃபேமிலியை எல்லாம் பேனிக் பண்ண வச்சிடாதீங்க" என்றாள் சூப்பர்வைஸர். அந்த இருவரில் ஒருவருக்கு செவ்வாய்க்கிழமை யூனிஸ்தான் சூப் ஊட்டினாள். அவர் அவள் முகத்திலேயே இருமினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரிலேயே பிடரி சில்லிட்டது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. ஜெபதாஸ் ஷிஃப்டில் இருந்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் தும்மல் வந்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டாள். இரண்டாவது தும்மலை அடக்க முடியவில்லை.

சுவரில் தட்டல் கேட்டது. அவள் பதிலுக்குத் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மிஸஸ் ஹுவாங்கே வந்துவிட்டார், மாஸ்க்கோடு. வாசலிலேயே நின்றார்.

"யூனி. உன் வேலை இடத்துல சீக் இருக்கா? காய்ச்சல், இருமல்?"

நேரான கேள்வி. அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று யூனிஸ் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பதினாலாம் நம்பர் அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஃப்ளூ இல்லை என்றுதானே சொன்னார்கள் என்ற சமாதானமும் கூடவே வந்தது. உண்மையைச் சொன்னால் ஆன்ட்டி திரும்பிப் போய்விடுவார், தான் தனியாகக் கிடக்க வேண்டும் என்ற பயமும் இருந்தது. அந்த மூன்று விரல் அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

"இல்ல ஆன்ட்டி. வெறும் கோல்டுதான்."

மிஸஸ் ஹுவாங் உள்ளே வந்தார். நாடி பார்த்தார். மாஸ்க்குக்கு மேல் புருவம் சுருங்கியது. விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். "வேற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். நாக்கைப் பார்க்கும்போது மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கியது. இரண்டு தடவை துடைத்தார். மூன்றாவது தடவை மாஸ்க்கை இழுத்து மோவாய்க்குக் கீழே விட்டுவிட்டார்.

அதன்பின் அரை மணி நேரம் யூனிஸின் முதுகுப்பக்கம் குனிந்து பிடரியை வழித்தார். யூனிஸ் இருமிக்கொண்டே இருந்தாள். போர்வையை நாலு பக்கமும் செருகிவிட்டு, அவள் நெற்றியில் ஈரம் துளிர்க்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். மூன்று நாளில் யூனிஸ் எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வேலையில் ஒரே அமளி. தொடர்ந்து டபுள் ஷிஃப்ட். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பக்கத்து வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை. சனிக்கிழமை காலை பால்கனித் திரை விலக்கப்படாமல் இருப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். அவளிடமும் ஒரு சாவி இருந்தது, திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மிஸஸ் ஹுவாங் சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெங்காயத்தாளும் இஞ்சியும் அடியில் தங்கிய கிண்ணங்கள் மூன்று. தனக்குத்தானே வைத்தியம் பார்த்திருக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அங்கேயே நில்லு" என்று கையைக் காட்டினார். "கிட்ட வராத. இது கோல்டு இல்ல."

யூனிஸ் கிட்டே போனாள். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினாள். எழுபத்தொன்பதுதான் காட்டியது, தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டும். 911-க்கு ஃபோன் பண்ணினாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மிஸஸ் ஹுவாங் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஸ்கார்ஃப் கேட்கிறார் என்று புரிந்து ஓடிப்போய் எடுத்துவந்து பிடரியில் சுற்றிவிட்டாள். ஆம்புலன்ஸில் ஏற அவளை விடவில்லை.

மூன்றாம் நாள் ஊரே அடைக்கப்பட்டது. ஜாய்ஸால் பாஸ்டனிலிருந்து வர முடியவில்லை, வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். பதினோராம் நாள், ஒரு நர்ஸ் பிடித்திருந்த ஐபேட் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டார் என்று ஜாய்ஸ் ஃபோனில் சொன்னாள். யூனிஸ் பாத்ரூமுக்குள் போய் ஷவரைத் திறந்துவிட்டு, வாயில் டவலை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஜூனில் இல்லத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. யூனிஸுக்கு ஏற்கெனவே கொரோனா வந்துபோயிருக்கிறது என்று முடிவு வந்தது. ஜெபதாஸ் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தான்.

"ஜாய்ஸ்கிட்ட சொல்லணும்" என்றாள் யூனிஸ்.

"எதுக்கு? சொன்னா அவங்க அம்ம திரும்பி வருவாங்களா? அந்தப் பிள்ள ஒருவாட்டி ஒடஞ்சு போயிருக்கு. ரெண்டாவது வாட்டியும் நீ ஒடைக்கணுமா?"

"எங்கிட்ட கேட்டாங்க. வாசல்ல நின்னு கேட்டாங்க. நான் பொய் சொன்னேன்."

"பொய் இல்ல பிள்ள. ஒனக்கே தெரியாதுல்லா?"

"தெரியும்" என்றாள் யூனிஸ். "பாதி தெரியும்."

ஜூலையில் ஜாய்ஸ் வீட்டைக் காலி பண்ண வந்தாள். நாற்பது வயது, அம்மாவின் அதே அகன்ற நெற்றி. இருவருமாக மாஸ்க் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பெட்டி கட்டினார்கள். ஜாய்ஸ் ஆங்கிலத்தில் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்பது போல. நாடி பார்க்கும்போது கைக்கு அடியில் வைக்கும் சின்ன மெத்தையை எடுத்து யூனிஸிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்கு. அம்மாவுக்கு இங்க இருந்த ஒரே பேஷண்ட் நீங்கதான்."

யூனிஸ் வாங்கிக்கொள்ளாமல் நின்றாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தாங்கவே முடியல" என்றாள் ஜாய்ஸ். "அம்மா வெளியவே போகல. மார்ச் ஆரம்பத்துல ஒரே ஒரு நாள் பேங்குக்குப் போனாங்க. ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்னு நான்தான் அனுப்பினேன். அடுத்த மாசம் போட்டிருக்கலாம். அவசரமே இல்ல. நான்தான் போகச் சொன்னேன். தினம் காலையில எழுந்ததும் அதுதான் ஞாபகம் வருது."

யூனிஸ் தரையில் உட்கார்ந்தாள். பதினாலாம் நம்பர் அறையில் ஆரம்பித்து, கேள்வியையும் தன் பதிலையும், பரிசோதனை முடிவையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கடைசியில் ஜாய்ஸ் கேட்டாள்.

"மாஸ்க் போட்டிருந்தாங்களா?"

"வரும்போது போட்டிருந்தாங்க. அப்புறம் கண்ணாடி மங்குதுன்னு இறக்கிட்டாங்க."

"நீங்க சொன்னதை நம்பி."

"ஆமா."

ஜாய்ஸின் தோள் குலுங்கியது. "அப்போ பேங்க் இல்லையா?" என்று ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டவள், யூனிஸைப் பார்க்காமலேயே சொன்னாள். "சொன்னதுக்கு தேங்க்ஸ். இப்போ நீங்க போயிடுங்க. ப்ளீஸ்." சின்ன மெத்தையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினாள்.

மறுநாள் வண்டி வந்தது. யூனிஸ் வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெயின்ட் அடிக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

யூனிஸ் இன்னும் அதே இல்லத்தில்தான் வேலை பார்க்கிறாள். போன குளிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, ஒன்றுமில்லை என்றாள். யூனிஸ் அவள் கையிலிருந்த ட்ரேயைப் பிடுங்கி வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கத்தி, வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அதற்காக யூனிஸுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. அவள் விளக்கம் எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் பாஸ்டன் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். மன்னிப்புக் கேட்டு எழுதுவதில்லை. அதை ஒரு தடவைதான் கேட்க முடியும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. உங்கள் அம்மாவிடம் இப்படி ஒரு பழக்கம் இருந்தது, இன்னார் கடையில் இஞ்சியை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார், என் அம்மா இறந்தபோது ஏழு நாள் கஞ்சி கொண்டுவந்தார் என்று, ஜாய்ஸுக்குத் தெரிந்திருக்காத ஏதாவது ஒன்றை மட்டும் எழுதுவாள். இதுவரை ஐந்து கடிதம். எதற்கும் பதில் வரவில்லை. ஒன்றும் திரும்பியும் வரவில்லை.

சாயங்காலம் ஜெபதாஸ் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறக்கும் சத்தம் மாடிவரை கேட்கும். அவன் படியேறி வரும்வரை அவள் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். உள்ளே வந்ததும் அவன் விளம்பரத் தாள்களை மேஜைமேல் போட்டுவிட்டு, அவள் கேட்பதற்கு முன்பே, "வெறும் வெளம்பரந்தான் பிள்ள" என்பான்.